கயத்தாறு காத்தும் மணப்பாட்டுக் கடலும்

எங்க மாவட்டத்தோட பேரு தூத்துக்குடி. 1986-ல் திருநெல்வேலியைப் பிரித்தபோது கயத்தாறும் கோவில்பட்டியும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. அதனால் வெளியூர்க்காரர்கள் யாரிடமாவது "தூத்துக்குடி மாவட்டம்" என்று சொன்னால், அடுத்த கேள்வி "அப்போ தினமும் பீச்சா?" என்றுதான் வரும். எங்க ஊரில் கடல் கிடையாது. கரிசல் மண் உண்டு, நாலுவழிச்சாலை உண்டு, 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம் உண்டு. அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்தாடி. காற்றாலை என்று பேப்பரில் எழுதுவார்கள். ஊரில் அது காத்தாடிதான்.

பெங்களூரிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மணப்பாடு போவது எனக்குப் பழக்கம். கயத்தாற்றிலிருந்து திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், குலசேகரப்பட்டினம் வழியாகப் போனால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். காலையில் 5 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கடலில் கால் வைத்துவிடலாம். மணப்பாட்டைப் பற்றி இணையத்தில் நிறைய இருக்கிறது: குன்று, தேவாலயம், நீலக்கடல், ட்ரோன் வீடியோ. நான் எழுத நினைப்பது வேறு. அந்த இடம் ஏன் அப்படி இருக்கிறது, எப்போது எந்தக் கரையில் இறங்கலாம் என்பது. இதில் நான் வைத்திருந்த ஒரு தியரி பாதி தப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு காலைப்பொழுது தேவைப்பட்டது. அதையும் சொல்கிறேன்.

முதலில் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, மலையில் இடைவெளி கிடைக்கும் இடங்களில் இந்தப் பக்கம் புகுந்து வரும். வடக்கே பாலக்காட்டுக் கணவாய், நடுவில் செங்கோட்டைப் பக்கம் ஆரியங்காவு, தெற்கே ஆரல்வாய்மொழி. குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற மாதிரி, இடைவெளி குறுகும் இடத்தில் காற்றின் வேகம் கூடும். ஆரியங்காவு வழியாக வரும் காற்று 60, 70 கிலோமீட்டர் சமவெளியில் ஓடி எங்க ஊர் வந்து சேருகிறது. அதனால்தான் மத்திய அரசு காற்றாலைச் சோதனை நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்தது. வைகாசிக் கடைசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை இந்த மேகாத்து நிற்காது. சின்ன வயதில் கொடியில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய் எடுத்து வந்திருக்கிறோம்.

ஆரல்வாய்மொழி வழியாக வரும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு நேர் கிழக்கே போகும். கணவாயிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் கிழக்கே இருப்பது மணப்பாடு. ஆக எங்க ஊர்க் காற்றுக்கும் மணப்பாட்டுக் காற்றுக்கும் அண்ணன் தம்பி முறை. மீனவர்கள் இந்த மேற்குக் காற்றைக் கச்சான் என்பார்கள். தெற்கு, தென்மேற்கிலிருந்து வந்தால் சோழகம், கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், வடக்கு, வடகிழக்கு என்றால் வாடை. எங்களுக்கு மேகாத்து என்ற ஒரே பேர் போதுமானதாக இருந்தது. காற்றை நம்பிக் கடலுக்குள் போகிறவனுக்கு ஒரு பேர் போதாது.

இந்தக் காற்று செய்த வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூரிலிருந்து நேராகக் கடற்கரைச் சாலையில் போகாமல், மேற்கே காயாமொழிப் பக்கம் திரும்ப வேண்டும். தேரி அங்கேதான். முதல் தடவை பார்க்கிறவர்கள் வண்டியை நிறுத்திவிடுவார்கள். குங்குமத்தைக் கொட்டிக் குவித்த மாதிரி செக்கச்செவேல் என்று மணல்மேடுகள், நடுவில் பனை, கொல்லாமரம், ஒடை. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்ஸைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. மேற்கே மலையடிவாரத்துச் செம்மண் காடுகளிலிருந்தும் வறண்ட ஆற்றுப் படுகைகளிலிருந்தும் பருவக்காற்று பல ஆயிரம் வருஷமாக வாரி வந்து கொட்டியது என்பதுதான் பரவலான விளக்கம். சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால், பனி யுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. மன்னார் வளைகுடாவில் கரையை ஒட்டிய ஆழமில்லாத பகுதி அப்போது காய்ந்த தரை. இலங்கைக்கு நடந்து போயிருக்கலாம். காற்றுக்கு வாரி விளையாட எவ்வளவு மணல் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தேரிகளில் ஆள் இருந்ததற்கு ஆதாரமும் இருக்கிறது. விரல்நகம் அளவுக்குச் சின்னதாகச் செதுக்கிய கல் கருவிகள் இங்கே கிடைத்தன. ஸாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆதிச்சநல்லூருக்கு பஸ் விட்டுக் கூட்டிப்போகிறோம். அதைவிடப் பழைய ஆட்கள் நடமாடிய தேரியைப் பாட்டு ஷூட்டிங் எடுக்கிற இடம் என்று மட்டும்தான் சொல்கிறோம்.

தேரிக்குள் பார்க்க வேண்டிய இன்னொன்று தண்ணீர். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் செம்மணல் தேரி, நடுவில் சுனை. மணல் மழையை ஓடவிடாது, உறிஞ்சி உள்ளே இறக்கிவிடும். எங்க கரிசல் அப்படியே எதிர். மழை பெய்தால் மேல்மண் வீங்கி வாயை மூடிக்கொள்ளும், தண்ணீர் கண்மாய்க்கு ஓடும். தேரியில் உள்ளே இறங்கிய தண்ணீர் பள்ளமான இடத்தில் சுனையாக எட்டிப் பார்க்கிறது.

திருச்செந்தூர் நாழிக்கிணறு நல்ல தண்ணீராக இருப்பதற்கும் காரணம் கிட்டத்தட்ட இதேதான். கடல்தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம் அதிகம். மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கும். கணக்குப் போட்டால், கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் நிற்கும். கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் கிணறு இனிப்பது இதனால். ஆழ்துளை போட்டு மேலே இருக்கிற அந்த 1 அடியை உறிஞ்சினால் கீழே 40 அடி உப்பு ஏறும் என்பதும் இதே கணக்குதான். கடலோரத்தில் புதுசு புதுசாக லாட்ஜ் கட்டுகிறவர்கள் ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

உடன்குடியில் கருப்பட்டி வாங்காமல் போனால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும், வாங்கிவிட்டு மணப்பாடு.

ஊருக்குள் நுழைந்ததும் குன்று தெரியும். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தால் அது மலைப்பாறை இல்லை, மணல். காற்று அடுக்கடுக்காகக் கொண்டுவந்து கொட்டிய மணலில் சிப்பி, சங்குத் தூளும் கலந்திருந்தது. மழைத்தண்ணீர் அந்தச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து, கீழே இறங்கிக் காயும்போது மறுபடி படியவைத்தது. நாளடைவில் சுண்ணாம்பே சிமெண்ட் ஆகி மணலைப் பிடித்துவிட்டது. உடைந்த பக்கத்தில் பார்த்தால் சாய்வான கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு காலத்து மணல்மேட்டின் சரிவு. தேரி கல்லாகிவிட்ட மாதிரி. சிமெண்ட் இறுகாத இடங்களில் அலை குடைந்து குகை போட்டிருக்கிறது. பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் இந்தப் பாறையில்தான். மேலே திருச்சிலுவை ஆலயம், 1581-ல் கட்டியது. புயலில் பிழைத்த போர்ச்சுகீசியக் கப்பலின் தலைவன், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இங்கே நட்டான் என்பது ஊர் சொல்லும் வரலாறு. செப்டம்பர் 14-ல் முடியும் திருவிழாவுக்குப் போனால் கூட்டம் தாங்காது. சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாளில் போங்கள்.

குன்றின் மேலே நின்று பார்த்தால் கருமேனியாறு கடலில் சேரும் இடமும், குறுக்கே நீளமாகக் கை நீட்டின மாதிரி ஒரு மணல்திட்டும், உள்ளே தேங்கிய தண்ணீரும் தெரியும். ஆலாக்களும் கொக்குகளும் அங்கே நிற்கும். போட்டோவுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் மீனவர்களுக்கு அது அழகு இல்லை, தொந்தரவு. சோழகக் காலத்தில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து அடிக்கும், மணல் கரையை ஒட்டி வடக்கே நகரும். வாடைக் காலத்தில் திரும்பி வரும். போகிற மணலும் வருகிற மணலும் சமம் இல்லாததால் திட்டு வளரும், படகு போகும் வழி தூரும். தூண்டில் வளைவு போடுங்கள் என்று கடற்கரை ஊர்களில் கேட்பது இதற்காகத்தான். ஒரு ஊரில் கல்லைக் கொட்டினால் மணல் அங்கே தங்கும், அடுத்த ஊர்க் கரை அரிக்கும். அதனால் அடுத்த ஊரும் கேட்கும்.

இப்போது என் தியரிக்கு வருகிறேன். மேற்குக் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது. அதனால் ஆனி, ஆடியில் எவ்வளவு பேய்க்காற்று அடித்தாலும் குன்றின் மறைவில் இருக்கும் கரையில் அலை படுத்துக் கிடக்கும். மணல் மட்டும் காலில் ஊசியாகக் குத்தும். அலைச்சறுக்கு, பட்டம் கட்டிச் சறுக்குகிற விளையாட்டு என்று வெளியூர் ஆட்கள் இந்தக் கரையைத் தேடி வருவதும் இந்தக் காற்றும் இந்த முனையும் சேர்ந்து கொடுக்கிற வசதிக்காகத்தான். ஆக, காற்றைப் பார்த்தால் கடலைக் கணக்குப் போட்டுவிடலாம். காற்றே இல்லாத நாள் என்றால் எந்தக் கரையிலும் குளிக்கலாம். இதைப் பிள்ளைகளுக்கு வகுப்பு மாதிரி எடுத்தும் இருக்கிறேன்.

ஒரு சித்திரை மாதக் காலை. இலை அசையவில்லை. குன்றைத் தாண்டித் தெற்கே பார்த்த கரை, கண்ணாடி மாதிரி கடல். கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் எங்களைப் பார்த்து, "தண்ணி இன்னைக்குச் சரியில்ல, காலை மட்டும் நனைச்சிட்டு வாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். மனசுக்குள் "காத்தே இல்லையே" என்று ஓடியது. அக்கா மகனுக்கு 17 வயது. 60 அடிக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன். அலை உடைந்து நுரைக்கும் இடத்தை விட்டுவிட்டு, நடுவில் அலையே இல்லாமல் தெளிவாகத் தெரிந்த ஒரு சந்தில் இறங்கினான். நானும்தான் அந்த இடத்தைக் காட்டினேன்.

பத்து நிமிஷம் கழித்து வரிசையாகப் பெரிய அலைகள் வந்தன. ஏழோ எட்டோ. அப்புறம் மறுபடி அமைதி. பார்த்தால் பையன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கிறான். கரையைப் பார்த்துத்தான் நீந்துகிறான், ஆனால் தூரம் கூடிக்கொண்டே போகிறது. நான் இடுப்பளவு தண்ணீரில் ஓடியபோது பெரியவர் பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். விசில் அடித்து, கையைப் பக்கவாட்டில் வீசி வீசி, "குறுக்கே போ! கரைக்கு வராத, குறுக்கே போ!" என்று கத்தினார். ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் காலி கேனைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். நூறு மீட்டர் வடக்கே, நுரை உடையும் இடம் வழியாக மூன்று பேரும் கரை ஏறினார்கள். மொத்தம் ஆறு ஏழு நிமிஷம் இருக்கும். அக்காவுக்குப் பாதிதான் இன்றைக்கும் தெரியும்.

பெரியவர் திட்டவில்லை. "காத்து இல்லேன்னா கடல் தூங்குதுன்னு நெனைக்காதிய தம்பி. இது இங்கன உள்ள கடல் இல்ல, தூரத்துக் கடல்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை மூன்று மாதம் படிக்க வைத்தது. கடலில் இரண்டு விதமான அலை இருக்கிறது. ஒன்று, பக்கத்தில் அடிக்கும் காற்று எழுப்புவது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் 5 செகண்ட் போல இருக்கும். என் தியரிக்குத் தெரிந்தது இது மட்டும். இன்னொன்று, எங்கேயோ அடித்த புயல் அனுப்பிவைப்பது. இதில் இடைவெளி 15, 16 செகண்ட், சில சமயம் அதற்கும் மேல். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தெற்குக் கடலில் வருஷம் முழுக்கப் புயல்தான். அங்கே கிளம்பும் 16 செகண்ட் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தெற்கு 45 பாகையிலிருந்து மணப்பாடு ஏறக்குறைய 5,900 கிலோமீட்டர். ஐந்தரை நாள் பயணம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை இழுத்த தண்ணீருக்குக் காரணமான காற்று, முந்தின செவ்வாய்க்கிழமை வாக்கில் எங்கேயோ அடித்திருக்க வேண்டும்.

நடுவில் தடுக்க ஒன்றும் இல்லையா? இல்லை. இலங்கை கிழக்கே ஒதுங்கி நிற்கிறது, மாலத்தீவு மேற்கே. பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள் இல்லையா? அங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம், நேராகக் கடல்தான் என்பது அதற்கு முக்கியமான காரணம். ராக்கெட் போகிற வழியில் அலையும் வரும். தூத்துக்குடிக்கு முன்னால் தீவுகளும் துறைமுகச் சுவர்களும் இருக்கின்றன. மணப்பாட்டுக்கு அது கிடையாது.

இந்தத் தூரத்து அலை ஆழ்கடலில் கண்ணுக்கே தெரியாது. 16 செகண்ட் அலையின் நீளம் 400 மீட்டர். ஒரு மீட்டர் உயரத்தை 400 மீட்டரில் பரப்பினால் படகில் இருப்பவனுக்குக்கூட மேடு தெரியாது. கரைக்கு வந்து தரை தட்டும்போதுதான் வேகம் குறைந்து உயரம் கூடும். வரிசையாக ஏழெட்டு அலை வந்து தண்ணீரைக் கரையில் குவிக்கும், குவிந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும். அடியில் பள்ளமாக இருக்கும் இடமே அந்த வாய்க்கால். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது, நுரை இருக்காது, பார்க்க அமைதியாக இருக்கும். பையனுக்கு நான் காட்டிய இடம் அதுதான். அந்த இழுப்பு செகண்டுக்கு 2 மீட்டர் வரை போகலாம். ஒலிம்பிக் நீச்சல்காரரின் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவோம். அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான், அதனால் கரைக்கு இணையாகக் குறுக்கே போனால் வெளியே வந்துவிடலாம். கிணற்று நீச்சலில் "குறுக்கே" என்று ஒரு திசையே கிடையாது.

கேரளத்திலும் குமரிப் பக்கமும் இதற்குக் கள்ளக்கடல் என்று பேர். திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால். 2024 மே 6-ல் குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தார்களே, அது இந்த அலையில்தான். முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடலோர மாவட்டங்களுக்கு இந்த எச்சரிக்கையைக் கொடுக்கிறது, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நான் இப்போது காரை எடுக்கும் முன்னால் அலையின் உயரத்தைவிட அந்த செகண்ட் கணக்கைத்தான் பார்க்கிறேன். 14-க்கு மேலே இருந்தால் அன்றைக்குத் தேரி, சுனை, குன்று, அவ்வளவுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் கூடுதலாக இருக்கும் என்பதால் காலண்டரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். சித்திரை, வைகாசியில் பக்கத்துக் காற்று ஓய்ந்து கடல் நல்லபிள்ளையாகத் தெரியும்போதுதான் அதிகம் ஏமாறுகிறோம். பள்ளிக்கூட லீவும் அப்போதுதான் வருகிறது.

ஆடியில் மறுபடி போனோம். நல்ல மேகாத்து, காரின் கதவைத் திறக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. பெரியவருக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு கிலோ வாங்கிப் போயிருந்தேன். படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏலே, காத்தாடி ஊர்க்காரவுங்க வந்திருக்காவ" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பையன் ஓடிப்போய்ப் படகில் கை கொடுத்தான். நான் தெற்கே கையைக் காட்டி, "இன்னைக்கு எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தப் பக்கம் வேண்டாம். குன்று மறைவுல குளிங்க" என்றார்.